மகள்மாரின் ஊருக்குப் போகும் பள்ளிக்கூடம்

மகன்,

உனக்குக் கோபம் வந்தால் நீ சத்தம் போடமாட்டாய். குரல் மெல்லியதாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அப்படித்தான் பேசினாய். "அம்மா, ஊரெல்லாம் என்ன சொல்லுறாங்க தெரியுமா? என்ட கலியாணத்துக்கு நீங்க பள்ளிக்கூடத்தச் சீதனமாக் குடுக்கிறீங்களாம்." அதே மெல்லிய குரலில் தொடர்ந்தாய். "அந்தப் பரிந்துரைய வேற ஆராவது எழுதட்டும். இல்லாட்டி ஒரு வருசம் தள்ளிப் போடுங்க. கலியாணம் முடியட்டும்." பிறகு, சாப்பிட்டீங்களா என்று கேட்டாய். பிறகு வைத்துவிட்டாய்.

எழுதிவிட்டேன். நேற்றுக் கையொப்பமிட்டு அனுப்பினேன். வருகிற தை மாதத்திலிருந்து நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருக்கும். ஆறிலிருந்து மேலே எல்லாம் மேட்டடிக்குப் போகிறது. ஆவணியில் நீ மாப்பிள்ளையாகப் போகும் அதே மேட்டடிக்கு. அப்பா படிப்பித்த வகுப்புகள். நீ படித்த வகுப்புகள்.

நேரில் சொன்னால் நான் அழுவேன், நீ சமாதானம் சொல்வாய், விஷயம் எங்கோ போய்விடும். ஆகவே கடிதம்.

என் வேலை என்னவென்று நீ ஒருபோதும் கேட்டதில்லை. நண்பர்களிடம் "அம்மா ஒபிஸ்ல வேலை" என்பாய். வலயக் கல்விப் பணிமனை, திட்டமிடல் பிரிவு. இன்னும் பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகளுக்கு இடம் பார்ப்பதுதான் அங்கே என் வேலை. எந்த ஊரில் எத்தனை பேர் முதலாம் வகுப்புக்கு வருவார்கள், அவர்கள் ஆறாம் வகுப்பை எட்டும்போது எத்தனை அறை வேண்டும், எத்தனை ஆசிரியர், எத்தனை மலசலகூடம். பிறந்த பிள்ளைகளை எண்ணு, வருடத்துக்கு ஒரு வகுப்பாக மேலே ஏற்று என்றுதான் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். வேறு இடங்களில் அது சரியாக இருக்கலாம். படுவான்கரையில், வாவிக்கு மேற்கே இந்த வயல்களுக்கு நடுவில், அது பிழையாகிப் போகிறது. இங்கே வீடு மகளுக்கு. தாய் தன் வளவிலோ பக்கத்திலோ ஒரு வீட்டைக் கட்டிக் கொடுக்க, மாப்பிள்ளை அங்கே வந்து சேர்கிறான். மகன்கள் எங்கள் பள்ளிக்கூடங்களில் படித்துவிட்டு வேறு ஊர்களில் போய்த் தகப்பன் ஆகிறார்கள். ஒரு ஊரின் பள்ளிக்கூடம் இன்னும் சில வருடங்களில் நிரம்புமா வெறுமையாகுமா என்று அறிய வேண்டுமானால், அந்த ஊர் மகள்மாருக்கு எங்கே வீடு எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். நானும் ஒரு மகள்தான். என் தாய் கட்டித் தந்த வீட்டிலிருந்துதான் தினமும் அலுவலகம் போனேன். அப்படியும் எனக்கு இது புரிய இவ்வளவு காலம் ஆனது.

நம்மூரில் வீடு கட்ட நிலம் இல்லை. உனக்கு இது தெரியும், ஆனால் நீ இதை ஒரு குறையாக நினைத்திருக்க மாட்டாய். ஒரு பக்கம் வாவி. மறுபக்கம் வட்டை, கொக்கட்டிச்சோலைப் பக்கம் வரை விரிந்த நெல் வயல். நடுவில் ஒரு தெரு அகலத்துக்கு மணல் மேடு. அதில் ஏற்கனவே எல்லோருடைய தாய்வீடும் இருக்கிறது. இரண்டாவது மகளுக்கும் மூன்றாவது மகளுக்கும் எங்கே போவது? வட்டைக்கு அப்பால் மேட்டடியில் நிலம் வாங்கினார்கள். ஒருவர் வாங்க, அவருடைய தங்கை பக்கத்தில் வாங்கினாள். ஊர் தன் மகள்மாரை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டுபோய் அங்கே குடிவைத்தது. ஒவ்வொரு தடவையும் பால் காய்ச்சி, பலகாரம் கொடுத்து, சந்தோசமாக.

அதே வருடங்களில்தான் இங்கே மாடிக் கட்டடம் எழுந்தது.

அப்பா அதற்காக எவ்வளவு அலைந்தார் என்று நீ கதையாகக் கேட்டிருக்கிறாய். இடம்பெயர்ந்து போனவர்கள் திரும்பி வந்த காலம். வகுப்பறைகள் நெருக்கடி. வாங்கு போதாமல் பிள்ளைகள் தரையில். மனுக்கள், கூட்டங்கள், கட்டடத் திணைக்களத்து வாசல்கள். அத்திவாரம் வெட்டிய அன்று அவர் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத் தானும் மண் அள்ளினார். "இதுவும் போதாமப் போகும், பாருங்க," என்று என்னிடம் சொன்னார். நானும் அப்போது அலுவலகத்தில் இருந்தேன், கீழ்நிலையில். பிள்ளைகளின் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. அவர்கள் எல்லோரும் எங்கே போய்க் குடும்பமாவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊர் சிரித்திருக்கும். ஒரு கையால் இங்கே கட்டடத்துக்கு மனு எழுதினார்கள், மறு கையால் மேட்டடியில் மகளுக்கு வளவு அடைத்தார்கள். இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது கிரிக்கெட் அணிக்குப் பதினொரு பேர் சேரவில்லை. கடைசியில் அப்பாவையும் காவலாளியையும் சேர்த்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு விளையாடினீர்கள். அப்பா முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். வீட்டுக்கு வந்து, "மூண்டாவது பந்தில்," என்று பொய் சொன்னார். நாங்கள் மூவரும் அன்று எவ்வளவு சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகொரு நாள் ஏதோ வேலையாகப் பள்ளிக்கூடம் போனேன். மேல்மாடியில் அவருடைய குரல். கணிதம். வகுப்பில் ஐந்தோ ஆறோ பிள்ளைகள், முன் வரிசையில். அவர் கடைசிச் சுவருக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார். கடைசி வாங்கில் இருப்பவனைப் பார்த்துக் கேள்வி கேட்பது போலக் கையை நீட்டினார். அங்கே யாரும் இல்லை. நான் படியிலிருந்து இறங்கி வந்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

அவர் ஏன் அந்தக் கட்டடத்தை அப்படி நேசித்தார் என்று அவர் போன பிறகுதான் யோசித்தேன். அவர் பெரியகல்லாற்றிலிருந்து வந்தவர். சாகும்வரை ஊர் அவரைக் கல்லாத்து மாப்பிள்ளை என்றுதான் சொன்னது. மரியாதையாகத்தான். கோயிலில் முதல் வரிசையில் நிற்கச் சொல்வார்கள், ஆனால் கோயில் முடிவுகள் இந்த ஊர்த் தாய்வழிக் குடியில் பிறந்தவர்களுடையவை. வீடு என்னுடையது. வளவு என் தாயுடையது. முற்றத்து மாமரத்தைத் தறிப்பதென்றால்கூட அவர் என்னைக் கேட்பார், நான் அம்மாவைக் கேட்பேன். இந்த ஊரில் அவருக்கென்று இருந்தது அந்த மாடிக் கட்டடம் மட்டும். அதன் மேல்மாடிக்குப் பூட்டுப் போடத்தான் நான் இப்போது எழுதியிருக்கிறேன்.

நீ கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர் கேட்டார்கள். இங்கே அறைகள் வெறுமையாக இருக்கின்றன, அங்கே பிள்ளைகள் நெரிகிறார்கள். அந்தப் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்தால் என்ன?

அதற்குத்தான் மாசியில் மேட்டடிக்குப் போனேன். உன் சம்பந்தம் பேசி முடிந்து சில வாரங்கள். ஒரு மருத மரத்தின் கீழ் தகரக் கொட்டகை. நடுவில் சுவர் இல்லாமல் முதுகுக்கு முதுகாக இரண்டு வகுப்புகள். ஒரு டீச்சர் பேசும்போது மற்றவர் நிறுத்துகிறார். தங்களுக்குள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: இவர் சொல்லும்போது அந்த வகுப்பு எழுதும், அவர் சொல்லும்போது இந்த வகுப்பு எழுதும். பெரிய வகுப்புகளுக்குப் பின்னேர வகுப்பு. பெண்பிள்ளைகள் சிலரிடம் தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்றேன். ஒருத்தி மற்றவளைப் பார்த்துச் சிரித்தாள். "குடிச்சா மறுகா லைன்ல நிக்கணும் மிஸ். நம்மட முறை வரக்குள்ள மணி அடிச்சிரும்." அத்தனை பேருக்கும் இரண்டு மலசலகூடம். காலையிலிருந்து வீடு போகும்வரை தண்ணீர் குடிக்காத பிள்ளைகள். அவர்களில் எத்தனை பேரின் முகத்தில் நம்மூர் முகங்களைக் கண்டேன் தெரியுமா. எல்லாம் நம்முடைய பேரப்பிள்ளைகள். ஊரின் பேரப்பிள்ளைகள்.

திரும்பும் வழியில் புதிதாக எழும்பும் வீடுகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். அதுதான் என் முறை. எழும்பும் வீடு என்றால் ஒரு மகள், ஒரு மாப்பிள்ளை, சில வருடத்தில் ஒரு முதலாம் வகுப்பு. ஒரு வளவில் சுவர் நெஞ்சளவுக்கு உயர்ந்திருந்தது. கூரை இல்லை. மேசனிடம் யார் வீடு என்று கேட்கப் போனேன். வாய் திறக்கும்போதுதான் தெரிந்தது, அது நிரோஜாவின் வீடு. உன் வீடு. குறிக்காமல் விடலாமா என்று கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன். மற்ற வீடுகளைக் குறித்த மாதிரியே குறித்தேன்.

அங்கிருந்து பிள்ளைகளை இங்கே கொண்டுவர முடியாது, மகன். நம் இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் வட்டை ரோட்டை உனக்குத் தெரியும். மாரியில் தண்ணீர் ஏறினால் டிரக்டர்கூட நின்றுவிடும். அத்தனை சின்னப் பிள்ளைகளையும் அந்த ரோட்டால் தினமும் நடத்துவதா, நம்மூரில் மிஞ்சியிருக்கும் சில பெரிய பிள்ளைகளை நடத்துவதா? நம்முடையவர்கள்தான் நடக்க வேண்டும். இப்படிச் சொல்ல எளிதாக இருக்கிறது. எழுதும்போது கை எளிதாக ஓடவில்லை.

நீ சொன்னதை நான் ஏற்கனவே செய்து பார்த்தேன். பணிப்பாளரிடம் போனேன். "சேர், என்ட மகன் அந்த ஊரிலதான் கலியாணம் செய்யப் போறான். இத வேற ஆரிட்டயாவது குடுங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கட மகனுக்கு அங்க காணி ஏதும் இருக்கா?" "இல்ல சேர். வீடு பொண்ணுட பேரில." "அப்ப உங்களுக்கு என்ன லாபம்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையில் என் பக்கம் நட்டம் மட்டும்தான். "ஆரு கூட்டினாலும் கூட்டுத்தொகை மாறாது," என்றார். "அந்த ஊர்ச் சனத்தோட பேச உங்களாலதான் ஏலும். போய்க் கூட்டத்த வைங்க." ஒரு வருடம் தள்ளிப்போடச் சொன்னாய். பெரிய வகுப்புகள் மேட்டடிக்கு என்று முடிவானால்தான் அங்கே புதுக் கட்டடத்துக்கும் மலசலகூடங்களுக்கும் பணம் வரும். அந்தப் போத்தல்கள் இன்னொரு வருடம் நிறைந்தபடியே திரும்பிப் போகும். உன் கலியாணம் அவ்வளவு பெரிதல்ல. கோபிக்காதே. என்னுடையதும் அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

கூட்டத்தை மாடிக் கட்டடத்தின் கீழ்மண்டபத்தில் வைத்தோம். உனக்குக் கதை வேறு விதமாக வந்திருக்கும். நடந்தது இதுதான். கந்தப்போடி மாமா முன்னால் வந்து இருந்தார். "கல்லாத்து மாப்பிள்ள ரெத்தம் சிந்தின கட்டடம் இது," என்று தொடங்கினார். ரெத்தம் இல்லை, மண், என்று சொல்ல நினைத்தேன். "நம்மட ஊர்ப் பள்ளிக்கூடத்தத் தரம் இறக்க விடமாட்டம், புள்ள. எழுதிக்கொள்ளு." எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடியும்வரை நின்றேன்.

"மாமா, உங்கட மூத்தவளுக்கு எங்க வீடு கட்டினீங்க?"

"மேட்டடியில."

"ரெண்டாவதுக்கு?"

"அதுவும் அங்கதான். அக்காவும் தங்கச்சியும் ஒண்டா இருக்கட்டுமெண்டு."

"பேரப்புள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம்?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மாமாவின் காது சிவந்தது. "அது வேற, இது வேற."

நான் அடுத்தவரைக் கேட்டேன். அவரும் மேட்டடி. அதற்கடுத்தவருக்காக அவருடைய மனைவி சொன்னாள்: "எங்கட மகள்ட வீட்டுக்கு இன்னும் ஓடு போடல்ல, அதால எங்கள எண்ணாதீங்க கா." மண்டபம் முழுதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் இடத்தில் மாமா எழுந்து அதைச் சொன்னார். "மகன மேட்டடிக்குக் குடுத்த கையோட பள்ளிக்கூடத்தையும் சீதனமா அனுப்புறாய். நடக்கட்டும்." பொம்பிளை வீடுதான் சீதனம் கொடுக்கும். மாப்பிள்ளையின் தாய் சீதனம் கொடுத்த கதையை ஊர் இதுவரை கேட்டதில்லை. அதனால்தான் அது அவ்வளவு வேகமாகப் பரவியது. திருகோணமலையில் உன் அலுவலகம் வரை வந்துவிட்டது.

எனக்கு வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மாமா அழுதுகொண்டிருந்தார், மகன். அதை உனக்குச் சொன்னவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இந்த ஊரைத் தன் கையாலேயே, மகள்மார் மேல் வைத்த அன்பினாலேயே, கொஞ்சம் கொஞ்சமாக வட்டைக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டார். அது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. யாரையாவது ஏச வேண்டியிருந்தது. நான் எதிரே நின்றேன்.

கூட்டம் கலையும்போது தவமணி வந்தாள். வாவியில் நண்டு பிடித்து விற்கிறாளே, புருசன் இல்லாதவள். கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்கள் போகும்வரை படியடியில் நின்றிருந்தாள். மாரியில் ரோட்டில் தண்ணீர் ஏறினால் என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு நான் கூட்டத்தில் ஒரு பதில் சொல்லியிருந்தேன்: காலையில் பஸ் கேட்டிருக்கிறோம், அது ஓடாத நாட்களில் பிள்ளைகள் மேட்டடியில் பெரியம்மா, சின்னம்மா, அக்கா வீடுகளில் தங்கலாம், எல்லோருக்கும் அங்கே ஒரு வீடு இருக்கிறதே. எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல பதில் என்று நானும் நினைத்திருந்தேன்.

"மிஸ்," என்றாள். "எங்களுக்கு மேட்டடியில ஆரும் இல்ல."

கையிலிருந்த கோப்பைப் படியில் வைத்தேன்.

"எனக்குச் சகோதரம் இல்ல. அவர்ர ஆக்கள் மாங்கேணிப் பக்கம். என்ட புள்ள இப்ப ஏழாம் வகுப்பு. தண்ணி வந்தா அது எங்க படுக்கும்?"

"நான் பாக்கிறன், தவமணி."

"பாருங்க மிஸ்." கோபமில்லாமல் சொன்னாள். "இல்லாட்டி பரவால்ல. மழை நாளுக்கு மறிச்சி வெச்சிருவன். மறுகா அது தானா பள்ளிக்கூடத்தால நிண்டிரும். நானும் அப்பிடித்தான் நிண்ட."

அவ்வளவுதான். நண்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய மகளை உனக்கு ஞாபகம் இருக்கலாம். அப்பாவின் எட்டாம் நாள் சடங்குக்கு வந்து, ஆள்கள் அழுதுகொண்டிருக்கும்போது யாரும் சொல்லாமலே கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த சின்னப்பிள்ளை.

திட்டமிடலில் நாங்கள் அறைகளையும் ஆசிரியர்களையும் ரோட்டையும் பற்றிப் பேசுவோம். ஒரு ஊரில் உறவில்லாத ஒரு பிள்ளையை எங்கே எழுதுவது? நான் கணக்குப் போட்டது எல்லாம் குடும்பங்களை வைத்து. மகள் இருக்கும் இடத்தில் பள்ளிக்கூடம் என்று கண்டுபிடித்துச் சந்தோசப்பட்டேன். மேட்டடியில் மகளோ சகோதரியோ இல்லாத வீடு ஒன்று இந்த ஊரில் இருப்பதை, ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளிடமே நண்டு வாங்கியும், நான் காணவில்லை. பரிந்துரையை மாற்றவில்லை. மாற்றக்கூடாது. ஆனால் கையொப்பமிட்ட பிறகு மேசையில் அப்படியே இருந்தேன். பக்கத்து மேசைப் பிள்ளை தேநீர் கொண்டுவந்து வைத்ததுகூடத் தெரியவில்லை.

நீ போன பிறகு நான் இந்த வீட்டில் தனியே இருப்பேன். மகள் இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை வரமாட்டான். எனக்குப் பிறகு இது சித்தியின் மகளுக்குப் போகும். அதுதான் முறை, எனக்கு அதில் குறையில்லை. உன்னிடம் அறிவுரை என்று சொல்ல அதிகம் இல்லை. அங்கே உன்னை இந்த ஊர்ப் பேரைச் சொல்லித்தான் மாப்பிள்ளை என்பார்கள். நீ நரைத்த பிறகும். அப்பா அதைச் சிரித்துக்கொண்டே தாங்கினார், ஆனால் தாங்கினார். ஆணி அடிப்பதென்றாலும் நிரோஜாவைக் கேட்டு அடி. கேட்பது சிறுமை என்று நினைக்கும் நாட்கள் வரும். அந்த நாட்களில் வெளியே எதையாவது கட்டப் போகாதே. அப்பா அப்படித்தான் கட்டப் போனார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கோபத்தில் இல்லை. ஒருவகைத் தனிமையில்.

நீ அங்கே குடியேறிச் சில மாதங்களில் தை பிறக்கும். நம்மூர்ப் பெரிய பிள்ளைகள் அந்த ரோட்டால் வருவார்கள். வெள்ளை உடுப்பில், சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவர்களுக்கு ஏதாவது பட்டம் வைப்பார்கள். நீயும் அவர்களும் ஒரே வருடத்தில் அந்த ஊருக்குப் புதியவர்கள்.

எனவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நான் நிரோஜாவிடம் நேரே கேட்கலாம், அவளுடைய இலக்கம் என்னிடம் இருக்கிறது. மாமியாராக வருமுன்னே ஒரு வேண்டுகோளோடு வந்தால் அவளால் மறுக்க முடியாது. மறுக்க முடியாத இடத்தில் அவளை வைக்க எனக்கு விருப்பமில்லை. வீடு அவளுடையது. நீ கேள், மறுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேள். வட்டையில் தண்ணீர் ஏறும் நாட்களில் தவமணியின் மகள் உங்கள் வீட்டில் படுப்பாள். வேறொன்றும் வேண்டாம். ஒரு பாய், விளக்கடியில் புத்தகம் விரிக்க ஓர் இடம். புதுத் தம்பதியின் வீட்டில் ஊரார் பிள்ளை எதற்கு என்று அவளுடைய தாய் கேட்பார். கேட்பது நியாயம். ஊரும் சொல்லும், மாப்பிள்ளையின் தாய் பள்ளிக்கூடத்தோடு ஒரு பிள்ளையையும் அனுப்பினாள் என்று. சொல்லட்டும்.

சுவர் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டதாம், மேசன் சொன்னார். உள்ளே அறை பிரிக்க இன்னும் தொடங்கவில்லை. அதற்குமுன் அவளிடம் கேட்டுவிடு. இல்லை என்றால் அதையும் உடனே எழுது. மாரிக்கு முன் நான் வேறு வீடு பார்க்க வேண்டும்.

அம்மா